வெளுத்த பிள்ளைக்கெல்லாம் செந்தூரமா?

"பிள்ளை வெளுத்துப் போச்சு வைத்தியரே, ரத்தம் ஊற செந்தூரம் கொடுங்க!" உத்தரகோசமங்கையில் என்னிடம் வரும் தாய்மார்கள் பலர் நோயோடு மருந்தையும் சேர்த்தே சொல்லிவிடுவார்கள். வீட்டில் ஏற்கெனவே சுவரொட்டி, முருங்கைக்கீரை, பேரீச்சம்பழம் எல்லாம் நடந்திருக்கும். பெரும்பாலான பிள்ளைகளுக்கு இது சரிதான். அன்னபேதிச் செந்தூரமும் கரிசாலையும் பாண்டு நோய்க்குக் கைகண்ட மருந்துகள்.

ஆனால், தலசீமியா என்றொரு பரம்பரைச் சோகை இருக்கிறது. அங்கே இரும்புக்குப் பஞ்சமில்லை. ஹீமோகுளோபினின் புரதத்தில்தான் பழுது. கடுமையான வகை என்றால் இரண்டு முதல் நான்கு வாரங்களுக்கு ஒருமுறை ரத்தம் ஏற்ற வேண்டும். ஒரு பாட்டில் ரத்தத்தோடு சுமார் 200 மில்லிகிராம் இரும்பு உள்ளே போகிறது. வெளியேறுவதோ நாளொன்றுக்கு 1 அல்லது 2 மில்லிகிராம்! மிச்சம் எங்கே போகும்? ஈரல், இதயம், கணையம் என்று படியும். வளர்ச்சி குன்றும், பிள்ளை வயதுக்கு வருவது தள்ளிப்போகும், சர்க்கரை நோய் வரும், கடைசியில் இதயமே ஓய்ந்துவிடும். ரத்தம் அதிகம் ஏற்றாத நடுத்தர வகையிலும் குடல் தேவைக்கு மேல் இரும்பை உறிஞ்சிக்கொள்ளும். அந்தப் பிள்ளைக்குப் போய் செந்தூரமா?

மாமன் மகள், அத்தை மகன் என்று சொந்தத்திலேயே கட்டுகிற நாம் இதைக் கொஞ்சம் கூடுதலாகவே யோசிக்க வேண்டும். தாய், தகப்பன் இருவருமே இந்தக் குறையைச் சுமப்பவர்களாக இருந்தால், ஒவ்வொரு பிரசவத்திலும் நாலில் ஒரு பங்கு ஆபத்து. சுமப்பவர்களோ நன்றாக நடமாடுவார்கள். லேசான சோகை, சின்னச் சின்ன சிவப்பணுக்கள். பார்த்தால் இரும்புக் குறைவு மாதிரியே இருக்கும்.

'நாடி பார்த்தால் போதாதா, ரத்தப் பரிசோதனை எதற்கு?' என்று எங்களவர்களில் சிலர் கேட்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. இரும்புச்சத்து கொடுத்தும் இரண்டு மாதத்தில் சோகை தேறவில்லையென்றால், ஃபெரிட்டினும் 'ஹீமோகுளோபின் ஏ2' அளவும் பார்த்தே ஆகவேண்டும். சித்த வைத்தியரும் இதை எழுதிக் கொடுக்கலாம், கௌரவம் ஒன்றும் குறைந்துவிடாது!

ஒரு காலத்தில் இரவு முழுக்கத் தோலுக்கடியில் ஊசி குத்தி, பம்ப் வைத்து மருந்து செலுத்தித்தான் இரும்பை இறக்க வேண்டும். இப்போது டெஃபராசிராக்ஸ் போன்ற மாத்திரைகள் வந்துவிட்டன. "இதை நிறுத்திட்டு உங்க மருந்தைத் தாங்க" என்று கேட்டால் நான் மறுத்துவிடுவேன். நீங்களும் யார் சொன்னாலும் நிறுத்தாதீர்கள். இந்தப் பிள்ளைகளுக்குச் சுவரொட்டியும் இரும்புச் சட்டிச் சமையலும் வேண்டாம். நெல்லிக்காயைச் சாப்பாட்டோடு சேர்த்துக் கொடுக்காதீர்கள், அது இரும்பை உள்ளே இழுக்கும். சற்று வளர்ந்த பிள்ளை என்றால் சாப்பாட்டோடு டீ குடிக்கட்டும். மற்ற சோகைக்காரர்களுக்குக் கூடாது என்போமே, இவர்களுக்கு அதுவே நல்லது.