பின்வரிசை வயலின்காரர்



ஏதென்ஸ் நகரத்து ஆர்க்கெஸ்ட்ராவில், பின்வரிசையில் ஒருவர் உட்கார்ந்து வயலின் வாசிப்பார். ஒத்திகைக்கு வருவார், வாசிப்பார், வீட்டுக்குப் போவார். அதிகம் பேச மாட்டார். வீட்டில் அவர் எழுதிக் குவித்தது பலருக்குத் தெரியாது.

அவர் நிகோஸ் ஸ்கால்கோட்டாஸ். 1904-ல் கிரேக்க நாட்டின் எவியா தீவில், ஹல்கிடா என்ற ஊரில் பிறந்தவர். 16 வயதிலேயே ஏதென்ஸ் இசைக்கல்லூரிப் படிப்பை முடித்தார். 1921-ல் ஸ்காலர்ஷிப்பில் பெர்லின். பெரிய வயலின் வித்வானாகத் திரும்புவார் என்று அனுப்பி வைத்தால், அவரோ வயலினை ஓரம் வைத்துவிட்டு இசையமைக்கக் கிளம்பிவிட்டார். நம் வீட்டுப் பிள்ளை இப்படிச் செய்தால் சும்மா விடுவோமா?

அங்கே அவருக்கு வாய்த்த குரு ஆர்னால்ட் ஷோன்பெர்க். 12 சுரங்களுக்கும் சம இடம் கொடுத்து மேற்கத்திய இசையைப் புரட்டிப்போட்டவர். தன் மாணவர்களில் இசையமைப்பாளராகத் தேறியவர்கள் சிலர்தான் என்று சொன்ன அந்தக் கறார் பேர்வழி, அந்தச் சிலரில் ஸ்கால்கோட்டாஸையும் சேர்த்தார்.

1933-ல் கையில் காசில்லாமல் ஊர் திரும்பினார். பெர்லினில் விட்டுவந்த கையெழுத்துப் பிரதிகளில் பல தொலைந்தே போயின. பிழைப்புக்கு மறுபடி வயலினை எடுத்து, ஏதென்ஸ் ஆர்க்கெஸ்ட்ராவின் பின்வரிசையில் உட்கார்ந்தார். அங்கே அவருடைய புது இசையைச் சீந்துவாரில்லை. பெரும்பாலும் நாட்டுப்புற மெட்டுகளை வைத்து எழுதிய 36 ‘கிரேக்க நடனங்க’ளில் சில மேடையேறின. பியானோ கான்செர்ட்டோ, நால்வர் இசை என்று நூற்றுக்கும் மேல் எழுதியவர், அதில் பெரும்பாலானதைக் கடைசிவரை காதால் கேட்டதே இல்லை. ஆனாலும் அடுத்ததை எழுத உட்கார்ந்தார். பொறுமை என்று இதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பிடிவாதம்தான்!

1946-ல் பியானோ கலைஞர் மரியா பங்காலியைக் கல்யாணம் செய்துகொண்டார். 1949 செப்டம்பரில் மனைவி நிறைமாதம். இவருக்கு ஹெர்னியா, அதாவது குடலிறக்கம். வலியைக் கவனிக்காமல் விட்டுவிட்டார். பிரசவம் முடியட்டும், பரீட்சை முடியட்டும், கல்யாணம் முடியட்டும் என்று எத்தனை அப்பாக்கள் டாக்டரிடம் போவதைத் தள்ளிப்போடுகிறார்கள்! குடல் சிக்கி, ரத்த ஓட்டம் நின்றுபோனால் ஹெர்னியா உயிரையே எடுத்துவிடும். அவரையும் எடுத்தது. வயது 45. சில நாட்களில் இரண்டாவது மகன் பிறந்தான்.

அவர் வீட்டில் எழுதிக் குவித்த காகிதங்களையெல்லாம் பிறகுதான் எடுத்து வாசித்தார்கள். அந்தப் படைப்புகளில் பல இன்று சிடியாகவே கிடைக்கின்றன.

உங்கள் வீட்டில் யாராவது அடிவயிற்று வீக்கத்தையோ வலியையோ மறைத்துக்கொண்டு நடமாடுகிறார்களா? இந்த வாரமே டாக்டரிடம் அழைத்துப் போங்கள். திரும்பி வந்ததும் யூடியூபில் ‘கிரேக்க நடனங்கள்’ தேடிப்பிடித்துக் கேளுங்கள். பிடித்ததா என்று எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்