ஒரே பில் வரட்டும், வழி இரண்டு இருக்கட்டும்



பாலராமபுரம் கைத்தறிக் கடைகளின் பழைய துணிப்பைகளில் 0471 என்று தொடங்கும் லேண்ட்லைன் எண்தான் பெரிதாக இருக்கும். இன்று கல்யாணப் புடவைக்கான ஆர்டரே வாட்ஸ்அப்பில் வருகிறது. அதனால் கடைக்காரருக்கும் நமக்கும் ஒரே கேள்விதான். லேண்ட்லைன், மொபைல், நெட், டிவி எல்லாவற்றையும் சேர்த்து ஒரே பில்லாகத் தருகிறோம் என்று கம்பெனிக்காரர் வந்து நின்றால், சரி என்று சொல்லலாமா?

சொல்லலாம். ஆனால் சில விஷயங்களைத் தெரிந்துகொண்டு சொல்வோம்.

முன்பு லேண்ட்லைன் ஒரு உலகம், மொபைல் இன்னொரு உலகம். 2003 நவம்பரில் மத்திய அரசு ஒருங்கிணைந்த உரிமத்தைக் கொண்டுவந்தது. ஒரே நிறுவனம் இரண்டு சேவையையும் தர வழி பிறந்தது. இங்கிலாந்தில் பிரிட்டிஷ் டெலிகாம் 2005-ல் ஒரு கைப்பேசியைக் கொண்டுவந்தது. வீட்டுக்குள் இருந்தால் லேண்ட்லைன் இணைப்பு வழியாகவும், வெளியே போனால் மொபைல் டவர் வழியாகவும் அது பேசும். அதற்கென்று தனிக் கைப்பேசி வாங்க வேண்டியிருந்தது. மக்கள் பெரிதாக வாங்கவில்லை, சில ஆண்டுகளில் திட்டத்தையே நிறுத்திவிட்டார்கள்.

இன்று அதே வசதி நம் சட்டைப்பையில் சும்மா இருக்கிறது. அதுதான் வைஃபை காலிங். ஏர்டெல் 2019 டிசம்பரிலும், ஜியோ 2020 ஜனவரியிலும் இதைத் தொடங்கின. வீட்டு பிராட்பேண்ட் வழியாகவே உங்கள் மொபைல் எண்ணில் கால் வரும், போகும். தனிக் கட்டணம் கிடையாது. கான்கிரீட் வீட்டின் உள்ளறையிலும், ரப்பர்த் தோட்டத்து நடுவிலுள்ள வீட்டிலும் சிக்னல் தேடி முற்றத்துக்கு ஓட வேண்டியதில்லை.

கேரள-தமிழ்நாடு எல்லையோரத்தில் வாழும் நமக்கு இதன் அருமை கூடுதலாகவே தெரியும். பாறசாலையில் 0471, சாலையைப் பிடித்துக் களியக்காவிளைக்குப் போனால் 04651. 1956-ல் போட்ட மாநில எல்லை, தொலைபேசிக்கும் எல்லையாகிவிட்டது. அக்காவைக் களியக்காவிளையில் கட்டிக்கொடுத்திருந்தால், எஸ்.டி.டி. கோடு போட்டுத்தான் நலம் விசாரித்தோம். பிறகு மொபைல் வந்தது. வீட்டுத் திண்ணையில் இருந்தபடியே தமிழ்நாட்டு டவரைப் பிடித்துக்கொண்டு ரோமிங் என்று காட்டியது. நம் வீட்டில் உட்கார்ந்துகொண்டே வெளியூர்க்காரர் ஆன கதை நம்மில் எத்தனை பேருக்கு நடந்திருக்கிறது! அந்தச் செலவெல்லாம் இப்போது போய்விட்டது. வைஃபை காலிங்கில் எந்த மாநிலத்து டவர் என்ற கேள்வியே எழுவதில்லை.

லேண்ட்லைன் செத்துவிட்டது என்று சொல்கிறவர்களுக்கும் ஒரு தகவல். 2020 வாக்கில் நாடு முழுவதும் ஏறத்தாழ 2 கோடியாகச் சுருங்கிய கம்பிவழி இணைப்புகள், 2024-ல் 3 கோடியைத் தாண்டிவிட்டன. காரணம் ஃபைபர் வழி வரும் பிராட்பேண்ட். கேரள அரசின் கே-ஃபோன் திட்டமும் 2023 ஜூன் 5 அன்று தொடங்கியது. 20 லட்சம் ஏழைக் குடும்பங்களுக்கு இலவச நெட் தருவது அதன் இலக்கு. ஆகவே இது வசதியுள்ளவர்கள் வீட்டு விஷயம் மட்டும் அல்ல.

இனி, கம்பெனிக்காரர் சொல்லாமல் விடக்கூடியவற்றைச் சொல்கிறேன்.

முதலாவது, கரண்ட். பழைய செம்புக் கம்பி போனுக்கு எக்ஸ்சேஞ்சில் இருந்தே மின்சாரம் வரும். வீட்டில் விளக்கு அணைந்தாலும் போன் அடிக்கும். ஃபைபர் மோடத்துக்கு வீட்டுக் கரண்ட் வேண்டும். அது போனால் லேண்ட்லைனும் போகும், நெட்டும் போகும், வைஃபை காலிங்கும் போகும். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் அடித்தபோது கன்னியாகுமரி மாவட்டம் பட்ட பாட்டை நாம் மறந்துவிட்டோமா? நாள்கணக்கில் கரண்ட் இல்லை. டவர்களும் ஓய்ந்தன. கடலுக்குப் போனவர்களின் செய்திக்காகக் கரையில் குடும்பங்கள் தவித்தன. வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் மோடத்தை அதில் இணையுங்கள். இல்லையென்றால் மோடத்துக்கென்றே சின்ன யூ.பி.எஸ். கடைகளில் கிடைக்கிறது.

இரண்டாவது, எல்லாம் ஒரே கம்பெனியில் இருந்தால் ஒரு பில் பாக்கி வைத்தாலும், சாலையில் ஒரு கேபிள் அறுந்தாலும் வீடே ஊமையாகிவிடக்கூடும். குடும்பத்தில் ஒரு மொபைலாவது வேறு கம்பெனி சிம்மில் இருக்கட்டும்.

மூன்றாவது, எண். மொபைல் எண்ணை அப்படியே வேறு கம்பெனிக்கு மாற்றிக்கொள்ளும் வசதி 2011 ஜனவரி 20 முதல் நாடெங்கும் உண்டு. லேண்ட்லைன் எண்ணுக்கு அந்த வசதி இல்லை. உறவுக்காரர்களுக்கும் வாடிக்கையாளர்களுக்கும் மனப்பாடமான எண் அது. ஃபைபருக்கு மாறும்போது அதே எண் கிடைக்குமா என்று முதலிலேயே கேளுங்கள். பதில் வரும்வரை பழைய இணைப்பைத் துண்டிக்காதீர்கள்.

வயதான அம்மா அப்பா தனியாக இருக்கும் வீடுகளில் இந்த எச்சரிக்கையெல்லாம் இன்னும் முக்கியம். பிள்ளைகள் வளைகுடாவிலோ பெங்களூரிலோ இருப்பார்கள். ராத்திரி நெஞ்சு வலித்தால் பெற்றோரின் கை எட்டும் இடத்தில் ஒரு போன் வேலை செய்ய வேண்டும். அதற்கு மேல் எந்த ஆஃபரும் பெரிதில்லை.

ஐப்பசி மழை பிடிப்பதற்குள் ஒருநாள், வீட்டின் மெயின் சுவிட்சைப் பத்து நிமிடம் அணைத்துப் பாருங்கள். எந்தப் போன் அடிக்கிறது, எது அடிக்கவில்லை என்று குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டில் என்ன நடந்தது என்பதை எங்களுக்கும் எழுதுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்