கைக்குத் துணை எவ்வளவு?

பாரிசவாதத்தினால் ஒரு கை சோர்ந்துபோன பெரியவருக்கு அக்கையின் வேலைகளையெல்லாம் நாமே செய்துவிடுகின்றோம். ஓகூஸ் வாழ் நம்மவர் வீடுகளில் இதனைப் பலமுறை கண்டிருக்கின்றேன். அன்புதான், ஆயினும் முயலாத கை மீள்வது அரிது.

பயிற்சி இயந்திரமும் இதே பிழையைச் செய்யக்கூடும். மோட்டாரே கையைத் தூக்கிவிட்டால் நோயாளி சும்மா இருந்துவிடுவார். அவர் தாமாக எவ்வளவு முயல்கின்றார் என்பதை அளக்கவே விசை உணரியும் முறுக்குவிசை உணரியும் பொருத்தப்படுகின்றன. இழுப்பதும் தள்ளுவதும் விசை. மணிக்கட்டைத் திருப்புவது முறுக்குவிசை. ஊரில் துலா மிதித்ததை நினைத்துப் பாருங்கள்: மிதிப்பவர் அச்சிலிருந்து தள்ளிச் செல்லச் செல்லத் துலாவைத் திருப்பும் வலு கூடும்.

உணரியினுள் ஓர் உலோகத் துண்டும், அதன்மேல் ஒட்டிய மெல்லிய உலோகப் படலமும் உள்ளன. துண்டு கண்ணுக்குப் புலப்படாத அளவு நெளிய, படலம் நீண்டு அதன் மின்தடை மாறும். அம்மாற்றமே அளவாகின்றது. படலத்துக்குப் பதிலாக மெல்லிய கம்பியை ஒட்டி, 1938இல் அமெரிக்காவில் இருவர் தனித்தனியே கண்ட முறை இது. வடிவமைப்பவருக்குத் தலையிடி வேறு. துண்டு தடித்திருந்தால் சோர்ந்த விரலின் மெல்லிய முயற்சி பதிவாகாது. மெலிந்திருந்தால் தசை திடீரென இறுகும்போது வளைந்து கெட்டுவிடும். கையின் சூடுகூட அளவைப் பிழைக்கச் செய்யும். ஆதலால் நான்கு படலங்களை இணைத்துச் சமன்செய்வர்.

வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியும் சென்னை ஐ.ஐ.டி.யும் இணைந்து 'புளூட்டோ' என்னும் கைப்பயிற்சி இயந்திரத்தை உருவாக்கியுள்ளன. ஒரே மோட்டார், கைப்பிடியை மாற்றி மணிக்கட்டுக்கும் விரல்களுக்கும் பயிற்சி அளிக்கலாம்.

உங்கள் தந்தையார் இத்தகைய இயந்திரத்தில் அமரும் நாளில், திரையில் தோன்றும் எண் மோட்டாரினதா, அவருடையதா என்று இயன்மருத்துவரிடம் கேளுங்கள்.