சியாச்சின் குளிருக்கு ரேங்க் தெரியுமா?



ராணுவ ஓய்வூதியம் பற்றி நாம எப்ப பதிவு போட்டாலும் கீழே ஒரு கமெண்ட் வந்து நிக்கும். "அதான் ஒரே பதவி ஒரே ஓய்வூதியம் கொடுத்தாச்சே, இன்னும் என்ன வேணும்?"

கொடுத்த கதையை முதல்ல பார்ப்போம். 2015 நவம்பர் 7-ல் உத்தரவு போட்டாங்க. ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை திருத்தம்னு அதிலேயே இருக்கு. கணக்குப்படி 2019 ஜூலையில் வர வேண்டிய திருத்தம் வரவில்லை. 2022 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்ட பிறகு, அந்த வருஷம் டிசம்பரில்தான் அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. நிலுவைத் தொகையையும் நாலு தவணையாக்கினாங்க. குடும்ப ஓய்வூதியர்களுக்கு 2023 ஏப்ரல் 30-க்குள், 70 வயது தாண்டியவர்களுக்கு ஜூன் 30-க்குள் கொடுத்து முடிக்கணும்னு கோர்ட்டே தேதி குறிக்க வேண்டி வந்தது. இதுக்குப் பேரு கொடுத்தது இல்ல, போராடி வாங்கினது.

சரி, வாங்கியாச்சு. ஆனா அது தீர்த்து வைப்பது ஒரே ரேங்க்கில் முன்னாடி ஓய்வு பெற்றவருக்கும் பின்னாடி ஓய்வு பெற்றவருக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும்தான். ஜவானுக்கும் அதிகாரிக்கும் நடுவில் இருக்கிற ஒரு வித்தியாசம் அப்படியே இருக்கு. அதைப் பற்றி அதிகம் யாரும் பேசுவதில்லை.

ராணுவ சேவை ஊதியம், அதாவது எம்.எஸ்.பி.ன்னு ஒன்று இருக்கு. குடும்பத்தைப் பிரிந்து இருப்பது, உயிர் ஆபத்து, எல்லையில் கிடப்பது போன்ற ராணுவ வாழ்க்கையின் கஷ்டத்துக்காக 6-வது ஊதியக் குழு கொண்டு வந்தது. அப்போ அதிகாரிக்கு 6,000, ஜவானுக்கு 2,000. 7-வது குழுவில் லெப்டினன்ட் முதல் பிரிகேடியர் வரை 15,500 ஆச்சு. ராணுவ நர்ஸிங் அதிகாரிகளுக்கு 10,800 (அவங்களும் அதிகாரிகள்தான், ஏன் குறைவுன்னு தனியா ஒரு பதிவு போடலாம்). ஜவானுக்கும் ஜேசிஓவுக்கும் 5,200. இடைவெளி 4,000-லிருந்து 10,300 ஆகிவிட்டது.

"அதிகாரிக்குப் பொறுப்பு அதிகம், சம்பளமும் அதிகம் இருக்கும்ல?" நியாயமான கேள்வி. அந்தப் பொறுப்புக்குத்தான் அடிப்படைச் சம்பளம். சிப்பாய்க்கு ஆரம்பம் 21,700, லெப்டினன்ட்டுக்கு 56,100. அதை நாம கேள்வி கேட்கவில்லை. கஷ்டத்துக்குக் கொடுக்கிற பணத்தில் எதுக்கு மூணு மடங்கு? நேற்று அகாடமியில் இருந்து வந்த லெப்டினன்ட்டுக்கு 15,500. அவருக்குப் பாதை காட்டுற, கிட்டத்தட்ட முப்பது வருஷம் சர்வீஸ் போட்ட சுபேதார் மேஜருக்கு 5,200. சியாச்சின் படியும் இதே மாதிரிதான். 2017-ல் நிர்ணயித்தது அதிகாரிக்கு 42,500, ஜவானுக்கு 30,000. பனிக்கட்டி தோள்பட்டையில் எத்தனை நட்சத்திரம்னு பார்த்தா உறையுது?

இது சர்வீஸோட முடியறதும் இல்ல. எம்.எஸ்.பி. மேலே அகவிலைப்படி உண்டு, ஓய்வூதியக் கணக்கிலும் சேரும். 50 சதவீதம்னா அதிகாரிக்கு மாசம் 7,750, ஜவானுக்கு 2,600. இறந்த பிறகு மனைவிக்கு வரும் சாதாரண குடும்ப ஓய்வூதியத்தில் (30 சதவீதம்) 4,650, 1,560. இத்தனைக்கும் ஜவான் நாற்பது வயதுக்குள்ளேயோ அதை ஒட்டியோ வெளியே வந்துடறார். பிள்ளைங்க பள்ளிக்கூடம் போய்க்கிட்டு இருக்கும் வயசு அது.

ஜேசிஓக்களுக்காவது உயர்த்துங்கன்னு ராணுவமே கேட்டது. 2018-ல் நிதி அமைச்சகம் முடியாதுன்னு திருப்பி அனுப்பியது. பயனடைய வேண்டியவர்கள் முப்படையிலும் சேர்த்து ஒரு லட்சத்துக்குக் கொஞ்சம் மேல், அவ்வளவுதான். தேர்தல் மேடையில் ராணுவ உடையைக் காட்டி ஓட்டு கேட்கும்போது மட்டும் இந்தக் கணக்கு யாருக்கும் ஞாபகம் வராது.

அதிகாரிகளுக்கு எதிரா எழுதறதா யாரும் நினைக்க வேண்டாம். அவங்களுக்கு ஒரு ரூபாய் குறைக்கச் சொல்லவில்லை. கீழே இருப்பவரை மேலே கொண்டு வாங்கன்னுதான் சொல்றோம்.

இப்போ 8-வது ஊதியக் குழு அமைக்கப்பட்டிருக்கு. கேட்க வேண்டிய நேரம் இதுதான். எல்லா ரேங்க்குக்கும் ஒரே எம்.எஸ்.பி., ஒரே சியாச்சின் படி. வேலூர் பக்கம் கம்மவான்பேட்டை மாதிரி ராணுவத்துக்குத் தலைமுறை தலைமுறையாப் பிள்ளைகளை அனுப்புற ஊர்கள் நம்ம மாநிலத்தில் இருக்கு. அங்கே உள்ள நம்ம கிளைத் தோழர்கள் முன்னாள் படைவீரர் சங்கங்களோடு உட்கார்ந்து பேசுங்க, மனு எழுத உதவி செய்யுங்க. தட்டச்சு செய்யவும் கணக்குப் போட்டுக் கொடுக்கவும் ஐடி விங் தயாரா இருக்கு, இன்பாக்ஸில் வாங்க.

#எல்லாரேங்க்குக்கும்ஒரேஎம்எஸ்பி