முதலில் 200ஐத் தாண்டியவர் யார்?

கிள்ளானில் என் தாய்மாமா கார் பட்டறை வைத்திருந்தார். பட்டறையை மூடிப் பல வருடங்களாகிவிட்டன. பழைய அமெரிக்கக் கார் இதழ்கள் மட்டும் இன்னும் பெட்டியில் இருக்கின்றன. போன மாதம் பார்க்கப் போனபோது ஒரு வேலை கொடுத்தார்.

"எல்லாத்தையும் போன்லதானே தேடுற. டிராக் ரேஸ்ல முதல்ல 200 மைல் வேகத்தத் தாண்டுனது கரமசீனஸ்தானே? என் கூட்டாளி கார்லிட்ஸ்னு சொல்றான். முப்பது வருஷமா இதே சண்டை. இப்ப படுத்த படுக்கையா இருக்கான். அடுத்த தடவ போறப்ப அவன்கிட்ட சொல்லணும்."

ஐந்து நிமிட வேலை என்று நினைத்தேன். மூன்று வார இறுதிகள் போய்விட்டன.

டிராக் ரேஸில் வளைவே கிடையாது. நேர்ச்சாலையில் இரண்டு கார்கள் கால் மைல் ஓடும். நம் கணக்கில் சுமார் 402 மீட்டர். 1950இல் கலிபோர்னியாவின் சாண்டா அனா விமான நிலையத்தில் சி.ஜே. ஹார்ட் என்பவர் கட்டணம் வாங்கி இதை முறையாக நடத்தத் தொடங்கினார். அடுத்த ஆண்டு வாலி பார்க்ஸ் 'என்எச்ஆர்ஏ' சங்கத்தை ஆரம்பித்தார். 1955இல் கன்சாஸில் அதன் முதல் தேசியப் போட்டி மழையில் நின்றுபோய், நவம்பரில் அரிசோனாவில்தான் முடிந்தது.

ஆபீசுக்கு ஓட்டிப்போகும் காரையும் பந்தயத்துக்கென்றே செய்த வண்டியையும் மோதவிட முடியுமா? அதற்குத்தான் பிரிவுகள். எடைக்கும் எஞ்சினுக்கும் உள்ள விகிதத்தைப் பார்த்து 'ஏ ஸ்டாக்', 'பி கேஸ்' என்று எழுத்து கொடுப்பார்கள். (அமெரிக்கர்களுக்கு 'கேஸ்' என்றால் பெட்ரோல். நான் சமையல் எரிவாயு என்று நினைத்து அரை மணி நேரம் குழம்பினேன்.) ஒவ்வொரு பிரிவுக்கும் தனிச் சாதனை. விதிகள் மாறும்போது எழுத்தின் எல்லையும் மாறும். அந்த வருடத்து விதிப்புத்தகம் இல்லாமல் பழைய எண்ணைப் பார்த்து எதையும் சொல்ல முடியாது. வேகத்தை அளந்த விதமும் வேறு. 1989 வரை, முடிவுக் கோட்டுக்கு 66 அடி முன்பிருந்து 66 அடி பின்புவரை ஓடியதன் சராசரிதான் வேகம்.

தேடும்போது என்னை வருத்தியது வேறொன்று. பெரிய வண்டி ஓட்டியவர்களின் பெயர் எங்கும் கிடைக்கிறது. சின்னப் பிரிவில், சம்பளக் காசில் எஞ்சினைப் பிரித்துப் பூட்டி, ஒரு வாரம் மட்டும் சாதனையாளராக இருந்தவர்களைத் தேடினால் கண்தான் வலிக்கிறது. என்எச்ஆர்ஏவின் சொந்த இதழான 'நேஷனல் டிராக்ஸ்டர்' 1960இல்தான் வந்தது. அதற்கு முந்திய ஆட்களுக்கு 'ஹாட் ராட்' போன்ற மாத இதழ்களின் பொடி எழுத்துப் பட்டியல்களையும் உள்ளூர் நாளிதழ்களின் விளையாட்டுப் பக்கங்களையும் ஒவ்வொன்றாகப் புரட்ட வேண்டும்.

மாமாவின் கேள்விக்கு வருகிறேன். கிறிஸ் கரமசீனஸ் 1960இல் இல்லினாய்ஸின் ஆல்டனில் 204.54 மைல் வேகத்தில் ஓடியதாகச் சொல்லப்பட்டது. கடிகாரம் சரியா என்று அப்போதே பலர் சந்தேகப்பட்டார்கள். அதைவிட, அவர் ஊற்றியது நைட்ரோமீத்தேன். என்எச்ஆர்ஏ 1957இல் அதைத் தடை செய்திருந்தது. அறுபதுகளின் தொடக்கத்தில்தான் தளர்த்தியது. கடிகாரம் சரியாகவே இருந்திருந்தாலும் அந்த ஓட்டத்துக்கு அவர்கள் ஏட்டில் இடமில்லை. டான் கார்லிட்ஸ் 1964 ஆகஸ்ட் 1ஆம் தேதி நியூ ஜெர்சியில் ஓடிய 201.34தான் அதிகாரபூர்வமான முதல் 200.

இதைச் சொன்னதும் மாமா கொஞ்ச நேரம் பேசவில்லை.

"அப்ப நான் சொன்னதும் தப்பில்லல்ல?"

"தப்புன்னு யாராலயும் உறுதியாச் சொல்ல முடியாது மாமா."

"சரி விடு. அவன்கிட்ட கார்லிட்ஸ்தான்னு சொல்லிடறேன்" என்றார். பிறகு பெட்டியிலிருந்து ஓர் இதழை எடுத்து, அட்டை கிழியாமல் தாளில் சுற்றச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை கூட்டாளியைப் பார்க்கப் போகிறோம்.