கள்ளுக்கடைக்குப் போன வாத்தியார்

தலைப்பைப் பார்த்துத் திடுக்கிட வேண்டாம். 'மது வீட்டுக்கும் கேடு' என்று ஆண்டுதோறும் பிள்ளைகளைக் கட்டுரை எழுத வைக்கும் நான்தான், போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கள்ளுக்கடைக்குப் போய் வந்தேன். கூட்டிப்போனவன் என் பழைய மாணவன்.

அவன் சிங்கப்பூரில் வேலை செய்கிறான். அங்கே கடையிலேயே பீர் காய்ச்சி, சுவரில் வரிசையாகக் குழாய் பொருத்தி, குழாய்க்கு ஒரு ருசியாக ஊற்றிக் கொடுக்கிறார்களாம். ஒரு கிளாசுக்கு அவன் கொடுக்கும் விலையில் என் வீட்டில் இரண்டு நாள் மீன் வாங்கலாம். "சார், கண் முன்னால காய்ச்சினதுன்னு சொல்லித்தான் அந்த விலை. நம்ம கள்ளு அதைவிடப் புதுசுதானே? ஒரு தடவை வாங்க சார்" என்றான். மாணவன் கேட்டு மறுக்கத் தெரியாத வாத்தியார் நான்.

பேராக் கடலோரம், ஒரு சிறிய பட்டணத்தை ஒட்டிய தென்னந்தோப்பு. தகரக் கூரை, பலகை பெஞ்சு, பிளாஸ்டிக் ஜக்கு. ஒரு மூலையில் நெத்திலி பொரிகிற வாசனை. இரண்டு சீனப் பெரியவர்கள் வழக்கமாக வருகிறவர்கள் போல உட்கார்ந்திருந்தார்கள். கோலாலம்பூரிலிருந்து வந்த இளைஞர் கூட்டம் ஒன்று மங்கைத் தூக்கிப் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தது. எங்கள் காலத்தில் கள்ளுக்கடையில் உட்கார்ந்ததை யாரும் படம் எடுத்துக் காட்டமாட்டார்கள்!

கடைக்காரரே மரமும் ஏறுகிறவர். நான் வாத்தியார் என்று தெரிந்ததும் எனக்கே பாடம் நடத்தினார். விரியாத தென்னம்பாளையைக் கயிற்றால் இறுகக் கட்டி, சில நாள் பதமாகத் தட்டிக் கொடுத்து, நுனியைச் சீவிக் கலயம் கட்ட வேண்டும். காலையும் மாலையும் ஏறி, மெல்லிசாகச் சீவிக்கொண்டே இருக்க வேண்டும். கலயத்தில் சுண்ணாம்பு தடவினால் இனிப்பு நீராகவே நிற்கும். தடவாவிட்டால் மரத்தில் இருக்கும்போதே புளிக்கத் தொடங்கிவிடும். பீருக்குப் பார்லியை முளைகட்டிக் காயவைத்து, காய்ச்சி, ஈஸ்ட் சேர்த்து நாள்கணக்கில் காத்திருக்க வேண்டும். கள்ளுக்கு அந்த ஈஸ்டும் காற்றிலிருந்தே வந்துவிடுகிறது. காலையில் இனிப்பு, உச்சி வெயிலில் நுரை, அந்தியில் காரம், மறுநாள் புளிப்பு, பிறகு காடி. "இதை மூடி வச்சு விக்க முடியாது சார். போத்தல் வெடிச்சிடும்" என்று சிரித்தார்.

நான் ஒரு மங்கை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டிருந்தேன். குடிக்க முடியவில்லை. அந்த வாசனை என்னைப் பத்து வயதுப் பையனாக்கிவிட்டது.

எங்கள் தோட்டத்துக் கள்ளுக்கடை ஆபீசுக்கும் லயத்துக்கும் நடுவில் இருந்தது. சம்பள நாளன்று அம்மா என்னைத்தான் அனுப்புவார். கம்பி வலைக்கு வெளியே நின்று "அப்பா, அம்மா கூப்பிடுது" என்று சொல்ல வேண்டும். மூன்று முறை சொன்னால் ஒரு முறை காதில் விழும். அப்பாவைக் குடிகாரர் என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. அடித்ததில்லை, வைததில்லை. சம்பளத்தில் பாதிதான் வீட்டுக்கு வரும், அவ்வளவுதான்.

அந்தக் கடை யாருடையது என்று அப்போது எனக்குத் தெரியாது. தோட்டத்துக் கள்ளுக்கடைகளை நிர்வாகமே உரிமம் எடுத்து நடத்தி வந்தது என்பதைப் பிறகுதான் படித்தேன். காலையில் கிராணி எண்ணிக் கொடுத்த காசு, அந்திக்குள் அதே ஆபீசுக்குத் திரும்பிவிடும். நம் முன்னோர் இதை அறியாதவர்கள் அல்லர். 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வேலை நிறுத்தம் நடந்தபோது, கூலி உயர்வோடு கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்பதும் கோரிக்கைகளில் ஒன்றாக இருந்தது. போர் முடிந்ததும் கெடாவில் தொண்டர் படை எழுந்தது. 1947-இல் பீடோங்கில் கள்ளுக்கடை மறியலில் போலீசுடன் மோதல் ஏற்பட்டு, தொழிலாளி ஒருவர் உயிரிழந்தார். நாம் அடிக்கடி சொல்லும் 'குடிகாரத் தோட்டத்தான்' என்ற பேச்சில் அந்த மனிதருக்கு இடம் இல்லை. எனக்கு அதில் கோபம் உண்டு.

எங்கள் கடையை 1989-இல் மூடினார்கள். அம்மாவும் மற்றப் பெண்களும் கோயிலில் தேங்காய் உடைத்தார்கள். ஒரே மாதத்தில் ரோட்டோர மளிகைக் கடையில் சம்சு வந்து இறங்கியது. சட்டைப் பையில் அடங்குகிற சின்னப் போத்தல். கள்ளில் மதுச்சத்து நூற்றுக்கு நாலைந்து பங்கு. சம்சுவில் அது ஏழெட்டு மடங்கு. கள்ளுக்கடைக்காவது மூடும் நேரம் இருந்தது, கூப்பிட நான் போய் நிற்க ஓர் இடம் இருந்தது. போத்தலை அப்பா வெட்டுக்காட்டிலேயே குடித்தார். 1996-இல் ஈரல் கெட்டு இறந்தார். கள்ளுக்கடையைத் திறந்தே வைத்திருக்க வேண்டும் என்று சொல்லவில்லை. கம்பி வலைக்கு வெளியே நின்ற பையன் அப்படிச் சொல்லமாட்டான்.

மாணவன் இரண்டு மங்கு குடித்துவிட்டு, "சார், சிங்கப்பூர்ல இதுக்குப் பேர் வச்சு, படம் போட்டு வித்திருப்பாங்க" என்றான். நானும் கண்ணை மூடிக்கொண்டு பாதி குடித்தேன். ருசி இளநீரும் மோரும் கலந்ததுபோல இருந்தது. தலை சுற்றவில்லை. தொண்டைதான் அடைத்தது.

வீட்டுக்கு வந்ததும் அம்மா வாசலிலேயே மோப்பம் பிடித்துவிட்டார். எழுபதைத் தாண்டியவர், மூக்கு இன்னும் கூர்மை.

"கள்ளா?"

"ஆமாம்மா. அரை மங்கு."

திட்டுவார் என்று காத்து நின்றேன். வெகு நேரம் ஒன்றும் பேசாமல் முறத்தில் அரிசி பார்த்துக்கொண்டிருந்தார்.

"காலைக் கள்ளா, அந்திக் கள்ளா?"

"காலைக் கள்ளும்மா."

"அப்பவே கொஞ்சம் வாங்கிட்டு வந்திருக்கலாமே" என்றார். "ஆப்ப மாவுக்கு ஊத்தியிருப்பேன். உங்கப்பா கொண்டாந்தா, முதல்ல அதுக்குத்தான் ஒரு கரண்டி எடுத்து வைப்பேன்."