விதைநெல்லும் வேட்டைத் துப்பாக்கியும்

ஐரோப்பாவின் கத்தோலிக்க நாடுகள் சிலவற்றில், சில ஆண்டுகளாக ஓய்ந்திருந்த ஒரு வழக்கம் மீண்டும் தலைதூக்கியிருக்கிறது. அதுதான் புறா வேட்டை. பிரான்சு, ஸ்பெயின், போர்ச்சுகல் ஆகிய நாடுகளில் 2021 முதல் 2024 வரை காட்டுப்புறாவைச் சுடுவது நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது. 2025-இல், வரையறுக்கப்பட்ட எண்ணிக்கையில், அதற்குக் கதவு மறுபடியும் திறக்கப்பட்டது. மால்தாத் தீவில் 2017-இல் நிறுத்தப்பட்ட இளவேனிற்காலப் புறா வேட்டை, 1,500 பறவைகள் என்ற வரம்போடு 2022-இலேயே திரும்பி வந்துவிட்டது. நாட்டுப்புறத்துக் கல்வேலிகளின் மறைவில் துப்பாக்கியோடு காத்திருந்த அந்தப் பழைய இன்பம் மீண்டும் கிடைத்துவிட்டதென்று வேட்டைக்காரர்கள் மகிழ்கிறார்கள். அந்த மகிழ்ச்சியில் நாம் பங்குகொள்ள இயலாது. ஏன் இயலாது என்பதைச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

கடல் கடந்த நாட்டில் எவரோ புறாவைச் சுட்டால் நமக்கென்ன என்று வாசகர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் மால்தா நமக்கு முற்றிலும் அந்நியமான மண் அன்று. கப்பல் உடைந்து கரையேறிய திருத்தூதர் பவுலையும் அவருடன் வந்தோரையும் தீ மூட்டிக் குளிர் போக்கி வரவேற்ற தீவு அது. திருத்தூதர் பணிகள் நூலின் இறுதி அதிகாரத்தில் அம்மக்களின் விருந்தோம்பலை நாம் வாசிக்கிறோம். இன்றும் அந்நாட்டின் அரசியலமைப்பே கத்தோலிக்க மறையை நாட்டின் சமயமாக அறிவிக்கிறது. கடலில் தத்தளித்து வந்தோரை அரவணைத்த அதே கரையில், கடலைக் கடந்து களைத்து வரும் பறவையைத் துப்பாக்கி வரவேற்கிறது. இந்த முரண்பாடு ஒரே விசுவாசக் குடும்பத்தைச் சேர்ந்த நம்மையும் உறுத்தத்தான் வேண்டும்.

ஏழைகளின் காணிக்கைப் பறவை

எந்தப் பறவையைப் பற்றிப் பேசுகிறோம் என்பதை முதலில் தெளிவாக்கிக் கொள்வோம். புறாக்கள் அனைத்தும் ஒன்றல்ல. இங்கிலாந்தின் வயல்களில் ஏறத்தாழ ஐம்பது இலட்சம் இணைகளாகப் பெருகி, கோசுப் பயிரையும் எண்ணெய்வித்துப் பயிரையும் மேயும் மரப்புறாவை உழவர் உரிமம் பெற்றுச் சுடுகிறார். அது தன் விளைச்சலைக் காக்கும் உழவரின் வழக்கு. அதை வேறிடத்தில் பேசலாம். நாம் பேசுவது காட்டுப்புறாவைப் பற்றி. திருவிவிலியத்தின் பொது மொழிபெயர்ப்பில் ‘மாடப்புறா’ என்றும் வேறு மொழிபெயர்ப்புகளில் ‘காட்டுப்புறா’ என்றும் வருவது இதுவே. குழந்தை இயேசுவைக் கோவிலில் அர்ப்பணிக்க வந்தபோது, ஆட்டுக்குட்டி வாங்க வசதியற்ற ஏழைகளுக்காகத் திருச்சட்டம் வகுத்திருந்த காணிக்கை இந்தப் பறவைதான் என்பதை லூக்கா நற்செய்தி நமக்கு நினைவூட்டுகிறது. தன் வருகைக்குரிய காலத்தை அறிந்த பறவை என்று இதைச் சுட்டிக்காட்டித்தான் எரேமியா இறைவாக்கினர், ஆண்டவரின் நெறியை அறியாத மக்களை நாணச் செய்தார்.

எடை மிகக் குறைந்த சிற்றுயிர் அது. ஐரோப்பியப் புறாக்களுள் நெடுந்தொலைவு வலசை போவது இது ஒன்றே. செனகல், மாலி போன்ற நாடுகளில் குளிர்காலத்தைக் கழித்துவிட்டு, சகாராப் பாலைவனத்தைக் கடந்து, மத்தியதரைக் கடலையும் கடந்து, இனம் பெருக்க ஐரோப்பாவுக்குத் திரும்புகிறது. ஓர் ஈட்டுக்கு இரண்டே முட்டைகள். தாய், தந்தை இரண்டுமே தம் தொண்டைப்பையில் சுரக்கும் பாலை ஊட்டிக் குஞ்சுகளை வளர்க்கின்றன. இரண்டில் ஒன்று வீழ்ந்தால் கூடு முழுவதுமே வாடும். 1980 முதல் ஐரோப்பாவில் இதன் எண்ணிக்கை ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு குறைந்துவிட்டது. 2015-இல் உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் இதனை அழிவாய்ப்புள்ள இனங்களின் பட்டியலில் சேர்த்தது.

மரபு என்னும் கேடயம்

வேட்டைக்காரர்கள் முன்வைக்கும் முதல் வாதம் மரபு. தந்தையின் தோளருகே நின்று கற்றுக்கொண்ட கலை, விடியற்காலையின் அமைதி, மண்ணோடு உள்ள உறவு என்றெல்லாம் உருக்கமாகப் பேசுகிறார்கள். இந்த உணர்வை நாம் ஏளனம் செய்யவில்லை. நகரத்து மனிதன் இழந்துவிட்ட பொறுமையும் கூர்நோக்கும் அவர்களிடம் உண்டு என்பதும் உண்மையே. ஆனால் மரபு என்பது கையிலிருக்கும் செல்வத்தை அடுத்த தலைமுறையிடம் ஒப்படைப்பது. ஒப்படைக்கப் பறவையே எஞ்சாதபடி சுட்டுத் தீர்ப்பது மரபைக் காப்பதாகுமா? பேரனுக்குத் துப்பாக்கியை மட்டும் விட்டுச்செல்லும் பாட்டன் எதைக் கைம்மாற்றினான்?

2015 ஏப்ரல் 11-இல், பாஸ்கா எண்கிழமையின் இறுதிநாளுக்கு முந்தைய நாள், மால்தா மக்கள் இளவேனில் வேட்டை பற்றிப் பொதுவாக்கெடுப்பு நடத்தினர். வேட்டை தொடரட்டும் என்றோர் 50.4 விழுக்காட்டினர், இரு தரப்புக்கும் இடையே இருந்த வேறுபாடு ஏறத்தாழ 2,200 வாக்குகளே. ‘மக்கள் தீர்ப்பளித்துவிட்டார்கள்’ என்று வேட்டைக்காரர்கள் இன்றும் அதையே காட்டுகிறார்கள். அதே மாத இறுதியில், சட்டத்தால் காக்கப்பட்ட சிறு வல்லூறு ஒன்று சுடப்பட்டு ஒரு பள்ளியின் விளையாட்டுத் திடலில், பிள்ளைகளின் கண்முன் விழுந்தது. பிரதமர் அந்தப் பருவத்தை முன்கூட்டியே முடித்துவைக்க நேர்ந்தது. வாக்குப்பெட்டி எந்த அரசு அமைய வேண்டும் என்று தீர்மானிக்கலாம். எது நன்று, எது தீது என்பதை அது தீர்மானிப்பதில்லை. இது நம் நாட்டுக்கும் பொருந்தும் பாடமல்லவா?

விதைநெல்லை உண்பதா?

இளவேனில் வேட்டையில் உள்ள தனிப்பட்ட கொடுமையை உழவர் குடியில் பிறந்த எவருக்கும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. இலையுதிர் காலத்தில் பறக்கும் கூட்டத்தில் அவ்வாண்டுக் குஞ்சுகள் பல உண்டு. அவற்றுள் கணிசமானவை பயணத்திலும் பாலையிலும் எப்படியும் மடியும். ஆனால் இளவேனிலில் திரும்பி வருவன பாலையையும் பஞ்சத்தையும் வென்று மீண்டவை. சில நாள்களில் கூடு கட்டவிருப்பவை. அவற்றைச் சுடுவது களத்து நெல்லை உண்பது போன்றதன்று. விதைநெல்லைக் குற்றி உண்பது போன்றது. எவ்வளவு பசித்தாலும் விதைநெல்லில் கைவைக்காத குடியானவனின் அறம் நமக்குத் தெரியும். இங்கோ பசியும் இல்லை. பொழுதுபோக்கு மட்டுமே உண்டு.

இந்த அறத்தைத் திருச்சட்டமும் அறிந்திருந்தது. கூட்டைக் கண்டவன் தாய்ப்பறவையைக் குஞ்சுகளோடு சேர்த்துப் பிடிக்கலாகாது, தாயைப் பறக்கவிட வேண்டும் என்று இணைச்சட்ட நூலின் 22-ஆம் அதிகாரம் கட்டளையிடுகிறது. உண்பதை அது தடுக்கவில்லை. ஊற்றுக்கண்ணை அடைப்பதைத் தடுக்கிறது. 1979-இல் ஐரோப்பியச் சமூகம் இயற்றிய பறவைகள் பாதுகாப்புச் சட்டமும் இதையே வேறு மொழியில் சொன்னது. இனப்பெருக்கத்திற்காகத் திரும்பும் பறவைகளை வேட்டையாடலாகாது என்பது அதன் பொதுவிதி. 2004 முதல் 2007 வரை இளவேனில் வேட்டையை அனுமதித்ததன் வழியாக மால்தா இச்சட்டத்தை மீறியது என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2009-இல் தீர்ப்பளித்தது. அதன் பிறகும் விதிவிலக்கு என்ற சந்து வழியாகவே வேட்டை திரும்பி வந்திருக்கிறது. 2022-இல் அது திரும்பிய காலம் ஏப்ரல் மாதம். உயிர்ப்பின் மகிழ்ச்சியைத் திருச்சபை பாடிக்கொண்டிருந்த பாஸ்கா காலம்!

எதிர்வாதங்களுக்கு மறுமொழி

‘புறா குறைந்ததற்குத் துப்பாக்கியா காரணம்? நவீன வேளாண்மையைக் கேளுங்கள்’ என்பது அவர்களின் வலிமையான வாதம். இதில் உண்மை இருக்கிறது; அதை மறைப்பது நேர்மையாகாது. இங்கிலாந்தில் காட்டுப்புறாவை யாரும் வேட்டையாடுவதில்லை. எனினும் அங்கே 1970-களுக்குப் பின் அதன் எண்ணிக்கை 98 விழுக்காடு சரிந்துவிட்டது. களைக்கொல்லிகள் வயலோரக் களைகளை அழித்தன. அவற்றின் விதைகளை நம்பியிருந்த பறவை பட்டினி கிடந்தது. உயிர்வேலிகள் வெட்டப்பட்டதால் கூடு கட்ட இடமும் இழந்தது. எல்லாம் சரி. ஆனால் இதிலிருந்து அவர்கள் வரும் முடிவுதான் விந்தையானது. பட்டினியால் மெலிந்தவனைக் கண்டால் சோறிடுவோமா, ‘உன்னைக் கொல்வது பசிதான், என் அடியல்ல’ என்று சொல்லி அடிப்போமா? ஓர் உடலில் இரண்டு காயங்கள் இருந்தால், விரைவில் ஆற்றக்கூடியதை முதலில் ஆற்றுவதே மருத்துவம். வயல்களைத் திருத்தப் பல பத்தாண்டுகள் ஆகும். துப்பாக்கியைக் கீழே வைக்க ஒரு நாள் போதும்.

அதற்குச் சான்றும் கிடைத்துவிட்டது. மேற்கு ஐரோப்பிய வலசைப் பாதையில் வேட்டை நின்ற சில ஆண்டுகளுக்குள்ளேயே காட்டுப்புறாக்களின் எண்ணிக்கை உயரத் தொடங்கியது. விட்டுவைத்தால் பிழைத்துக்கொள்ளும் என்பதைப் பறவையே மெய்ப்பித்துக் காட்டியது. மெய்ப்பித்ததற்குக் கிடைத்த பரிசு என்ன? மேற்குப் பாதை நாடுகளுக்கு மொத்தமாக 1,32,000 பறவைகள் வரை சுடலாம் என்ற 2025-ஆம் ஆண்டின் இசைவு! இது மொத்தத்தில் ஒன்றரை விழுக்காடுதான், அறிவியலார் கணக்கிட்டுச் சொன்னது என்கிறார்கள். கணக்கை நாம் பழிக்கவில்லை. ஆயினும் தவக்காலத்தில் நோன்பிருந்து உடல்நலம் தேறியவன், பாஸ்காவன்றே பழைய குடிக்குத் திரும்பினால் அந்த நோன்பின் பொருள் என்ன? நோயாளி எழுந்து உட்கார்ந்தவுடன் ‘இனி இவன் சுமை தூக்கலாம்’ என்று சொல்லும் மருத்துவரை யார் நம்புவார்? மேலும், மால்தாவில் சுட்ட பறவைகளின் கணக்கைச் சுட்டவரே தொலைபேசி வழியாகத் தெரிவிக்க வேண்டும். குற்றத்திற்கும் கணக்கிற்கும் ஒருவரே பொறுப்பாளராக இருக்கும் இடத்தில் வரம்பு என்பது எத்தனை உறுதியானது?

‘எண்ணிக்கை நிறைய இருக்கிறது’ என்ற சொல்லின் கதையை வரலாறு ஒருமுறை எழுதிவிட்டது. வட அமெரிக்காவில் பயணப் புறா என்ற இனம் கோடானுகோடியாய் வானை மறைத்துப் பறந்தது. 1857-இல் ஒகையோ மாநில மேலவையின் குழு ஒன்று, இப்பறவைக்குப் பாதுகாப்பே தேவையில்லை என்று அறிக்கை தந்தது. தந்தியும் தொடர்வண்டியும் வேட்டைக்காரர்களைக் கூட்டங்கள் தங்கிய இடங்களுக்கெல்லாம் அழைத்துச் சென்றன. ஐம்பத்தேழு ஆண்டுகள் கழித்து, 1914 செப்டம்பர் 1-ஆம் நாள், சின்சினாட்டி விலங்குக்காட்சிச் சாலையில் மார்த்தா என்று பெயரிடப்பட்ட கடைசிப் பறவை இறந்தது. அதன்பின் அந்த இனத்தைக் கண்டவர் இல்லை.

‘கூண்டில் அடைத்த கோழியை உண்பவர்கள் எங்களைக் குறைகூறலாமா?’ என்ற கேள்வியும் எழுகிறது. கோழிப்பண்ணைகளின் கொடுமையைப் பற்றிப் பேசத்தான் வேண்டும். ஆனால் ஒரு தவறு மற்றொரு தவற்றுக்கு உரிமச்சீட்டு ஆகாது. உணவுக்காக விலங்குகளைப் பயன்படுத்தும் உரிமையை 1992-இல் வெளிவந்த கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் ஏற்கிறது. தேவையின்றி அவற்றைத் துன்புறுத்துவதும் கொல்வதும் மனித மாண்புக்கே முரணானது என்றும் அந்நூல் கற்பிக்கிறது. கவனிக்க வேண்டிய சொல் ‘தேவை’. இச்சிறு பறவையின் இறைச்சியால் ஐரோப்பாவில் எந்தக் குடும்பத்தின் பசி தீர்கிறது?

திருச்சபையின் குரல்

1215-ஆம் ஆண்டின் நான்காம் இலாத்தரன் பொதுச்சங்கம் குருக்கள் வேட்டையாடுவதையும் பறவை பிடிப்பதையும் தடை செய்தது. விற்பனைக்குக் கொண்டுசெல்லப்பட்ட காட்டுப்புறாக்களைச் சியன்னா நகரத்து இளைஞனிடமிருந்து கேட்டு வாங்கி, அவற்றுக்குக் கூடு அமைத்துக் கொடுத்த அசிசி நகர்ப் புனித பிரான்சிசின் கதையைத் தலைமுறைகள் சொல்லி வந்துள்ளன. அவர் பெயரைத் தாங்கிய திருத்தந்தை, மால்தா வாக்கெடுப்பு நடந்த அதே 2015-இல், படைப்பைப் பேணுதல் பற்றிய தம் சுற்றுமடலை உலகுக்குத் தந்தார். மனிதரால் ஓர் உயிரினம் மறையும்போது, அது படைத்தவருக்குச் செலுத்தி வந்த புகழும் மறைகிறது என்று அதில் வருந்தினார். இவ்வளவு இருந்தும், வேட்டைக்காரர் வாக்குகளை எண்ணும் அரசியல்வாதிகளின் குரல்தான் கத்தோலிக்க நாடுகளில் ஓங்கி ஒலிக்கிறது.

எனவே நாம் கேட்பது இது. இளவேனில் வேட்டைக்கு எந்த விதிவிலக்கும் இன்றி நிலையான முற்றுப்புள்ளி வைக்கப்பட வேண்டும். இலையுதிர் கால வேட்டை, இனம் முழுவதும் தேறி அழிவுப் பட்டியலிலிருந்து நீங்கும் வரை காத்திருக்க வேண்டும். நாட்டுப்புறத்தை நேசிப்பதாகச் சொல்லும் வேட்டைக்காரர்கள், தங்கள் கூர்நோக்கையும் பொறுமையையும் உயிர்வேலி நடுவதிலும், களைவிதை வளரும் வரப்புகளைக் காப்பதிலும், வரும் பறவைகளை எண்ணுவதிலும் காட்டட்டும். அந்நாடுகளின் மேய்ப்பர்கள் வாக்கெடுப்பின் சலசலப்புக்கு அஞ்சாமல் பீடத்திலிருந்து இதைச் சொல்லட்டும். பொதுநிலையினராகிய நாமோ, ‘என் பாட்டன் செய்தான்’, ‘கொஞ்சம்தானே’, ‘சட்டம் அனுமதிக்கிறதே’ என்ற இதே மூன்று சாக்குகளை நம் ஊர்க் கண்மாயிலும் காட்டிலும் கேட்கும்போது, அவற்றை ஏற்க மறுக்கும் துணிவைப் பெறுவோம்.